சத்திரசிகிச்சை முடிந்து 17 நாள்: பிள்ளைக்குப் பால் காணாதா, எனக்குத் தண்ணீர் காணாதா?

கேள்வி: மண்டூர்ப் பெண்

வணக்கம். நான் மட்டக்களப்பு மண்டூரைச் சேர்ந்தவள், வயது 27, இது தலைப்பிள்ளை. மகள் பிறந்து இன்றுடன் 17 நாட்கள் ஆகின்றன. இரவு இரண்டு மணிக்கு ஒரு கையில் பிள்ளையை அணைத்தபடி மறு கையால் எழுதுவதால் ஒழுங்கு பிசகியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பன்னீர்க்குடம் உடைந்தபோது இரவு பதினொரு மணி கடந்திருந்தது. பகலாக இருந்தால் பாதையில் (வாவியைக் கடக்கும் மிதவையில்) ஏறிக் குருமண்வெளிக் கரைக்குப் போய்விடலாம். அந்த நேரத்தில் அதற்கு வழியில்லாததால் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழைத்து, வெல்லாவெளி, பழுகாமம், பட்டிருப்புப் பாலம் என்று சுற்றிக்கொண்டுதான் வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தோம். பதினாறு மணித்தியாலம் வலி எடுத்த பின்பும் கருப்பையின் வாய் ஆறு சென்ரிமீற்றருக்கு மேல் திறக்கவில்லை. பிள்ளையின் இதயத்துடிப்பும் இறங்கத் தொடங்கியதால் சத்திரசிகிச்சை செய்து எடுத்தார்கள். முதுகில் ஊசி போட்டிருந்ததால் நான் விழித்தபடியே கிடந்தேன். திரைக்கு அப்பால் அவள் அழுத சத்தம் கேட்டது. கதைகளில் வருவதுபோல எனக்குக் கண்ணீர் பெருகவில்லை. "முடிந்துவிட்டது, இனித் தூங்கலாம்" என்ற ஒரு நினைப்புத்தான் வந்தது. இதை இன்றுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை. அன்றிரவு, திரும்பிப் படுக்கவும் முடியாமல் கிடந்த என்னிடம், கடமையில் இருந்த ஒருவர், "எல்லாத் தாய்மாரும் பால் கொடுக்கிறார்கள், உமக்கு மட்டும் என்ன?" என்று கேட்டது இன்னும் காதில் நிற்கிறது.

என் அம்மா குவைத்தில் வீட்டு வேலை செய்கிறார். நான் இருக்கும் இந்தக் கல்வீடே அவருடைய பத்து வருட உழைப்பு. ஒப்பந்தம் முடிய இன்னும் ஏழு மாதம் இருப்பதால் அவரால் வர முடியவில்லை. ஆகவே என் மாமி (கணவரின் தாயார்) தன் வீட்டைப் பூட்டிவிட்டு வந்து நிற்கிறார். விடியற்காலையில் எழுந்து நொச்சியும் பாவட்டையும் ஆடாதோடையும் ஒடித்து வந்து வேது (இலைகள் அவித்த குளிப்புத் தண்ணீர்) வைக்கிறார், சரக்கு அரைக்கிறார், பிள்ளையின் துணி முழுவதையும் தோய்க்கிறார். அவருடைய பணிவிடையைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால், தண்ணீர் குடிக்க விடுகிறார் இல்லை. சாப்பாட்டுக்குப் பிறகு மல்லி அவித்த தண்ணீர் அரைத் தம்ளர், அவ்வளவுதான். தண்ணீர் குடித்தால் வயிறு ஊதிவிடும், தையலில் சீழ் வைக்கும், பிள்ளைக்குச் சளி இறங்கும் என்கிறார். பழம் கூடாது, இளநீர் கூடாது. வைத்தியசாலையில் தந்த இரும்புச்சத்துக் குளிசையும் சூடு என்று நிறுத்தப்பட்டுவிட்டது. 31ஆம் நாள் துடக்கு (பிள்ளைப்பேற்றுத் தீட்டு) கழியும்வரை இப்படித்தான் என்கிறார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. மலம் போவது இரண்டாவது பிரசவம் போல இருக்கிறது.

இதற்கு மேல், மகள் மாலை ஐந்து மணிக்குத் தொடங்கினால் ஒன்பது மணிவரை அழுகிறாள். கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், எடுத்தால் அழுகை. வருகிறவர்கள் எல்லோரும் "பால் காணாது" என்கிறார்கள். 13ஆம் நாளிலிருந்து மாலையில் ஒரு போத்தல் பால்மா கரைத்துக் கொடுக்கிறோம். குடித்துவிட்டு நான்கு மணித்தியாலம் தூங்குகிறாள். அவள் தூங்கும்போது நான் அழுகிறேன். பிறந்த நிறை 2 கிலோ 850 கிராம். 6ஆம் நாள் குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து நிறுத்தபோது 2 கிலோ 640 கிராம். நிறை குறைந்துவிட்டதே என்று அன்று தொடங்கிய பயம் இன்னும் போகவில்லை. உண்மையில் எனக்குப் பால் காணாதா? நான் தண்ணீர் குடிக்காததுதான் காரணமா? மாமியின் மனம் நோகாமல் இதை எப்படிச் சொல்வது?

பதில் 1: ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர், படுவான்கரை

மகள், முதலில் அந்த நிறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் பயம் முழுவதும் அந்தத் தராசிலிருந்துதான் தொடங்கியிருக்கிறது. பிறந்த பிள்ளை முதல் சில நாட்களில் பிறந்த நிறையில் நூற்றுக்கு ஏழு பங்கு வரை, சில பிள்ளைகள் பத்துப் பங்கு வரை குறைவது வழக்கம். உடலில் மிகையாக இருந்த நீரும் கறுத்த மலமும் வெளியேறுவதே அதற்குக் காரணம். 2 கிலோ 850இலிருந்து 2 கிலோ 640 என்றால் ஏழு பங்குக்குச் சற்று மேல். அது கவனிக்க வேண்டிய குறைவு, பயப்பட வேண்டிய குறைவு அல்ல. இரண்டு கிழமைக்குள் பிறந்த நிறையைத் திரும்பப் பிடிக்க வேண்டும், அதன் பின் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் வரை ஏற வேண்டும். ஆகவே நாளைக்கே உங்கள் பகுதி உத்தியோகத்தருக்கு அழைத்து நிறுக்கச் சொல்லுங்கள். பால் போதுமா என்பதற்குப் பதில் சொல்லும் உரிமை தராசுக்கும் நனைந்த துணிக்கும்தான் உண்டு, வந்து பார்த்துவிட்டுப் போகும் பெரியம்மாவுக்கு அல்ல. இருபத்துநான்கு மணித்தியாலத்தில் ஆறு முறையாவது நன்றாகச் சிறுநீர் போகிறாளா, அது நிறமில்லாமல் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

மாலை அழுகையை முப்பது வருடங்களுக்கு மேலாக வீட்டுக்கு வீடு கண்டிருக்கிறேன். நல்ல நிறை உள்ள, பால் பொங்கும் தாய்மாரின் பிள்ளைகளும் அந்த நேரத்தில் அப்படித்தான் அழுவார்கள். இரண்டாம் கிழமையில் கூடத் தொடங்கி ஆறாம் கிழமையளவில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் அடங்கும். மாலையில் அடுக்கடுக்காகக் குடிப்பது இரவுக்குச் சேர்த்து வைப்பது போன்றது. அது முலையை வெறுமையாக்கி, இன்னும் பால் சுரக்கச் சொல்லும் கட்டளையும் ஆகும். இங்கேதான் போத்தல் கெடுதல் செய்கிறது. பிள்ளை எவ்வளவு உறிஞ்சி எடுக்கிறதோ அவ்வளவுதான் உடல் அடுத்த முறைக்குச் சுரக்கும். மாலையில் ஒரு போத்தலைக் கொடுத்து நான்கு மணித்தியாலம் தூங்க விட்டால், அந்த நான்கு மணித்தியாலமும் உங்கள் உடல் "இவ்வளவு போதும்" என்று கணக்கெடுக்கிறது. நாளை சற்றுக் குறைவாகச் சுரக்கும், பிள்ளை கூடுதலாக அழும், போத்தல் இரண்டாகும். பால் காணாது என்ற சொல் முதலில் பொய்யாக இருந்து, போத்தல் வந்த பிறகுதான் உண்மையாகிறது. நான்கைந்து நாள் கொடுத்ததால் கெட்டுப்போனது ஒன்றுமில்லை. நிறையைப் பார்த்த பிறகு, உத்தியோகத்தரின் கண்காணிப்பில், அந்தப் போத்தலை விட்டுவிடலாம்.

தண்ணீருக்கு வருகிறேன். தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்குக்கு மேல் தண்ணீர்தான். அதனால்தான் எங்கள் சித்திரை வெயிலிலும் ஆறு மாதம்வரை பிள்ளைக்குத் தனியாகத் தண்ணீர் தேவையில்லை என்கிறோம். அந்தத் தண்ணீர் உங்கள் உடலிலிருந்துதான் போக வேண்டும். குடிக்காமல் இருந்தால் பால் உடனே வற்றிவிடாது, உடல் உங்களை வருத்தியாவது பிள்ளைக்குக் கொடுத்துவிடும், வற்றப்போவது நீங்கள். மலச்சிக்கல், சிறுநீர்க் கடுப்பு, தலைச்சுற்று ஆகியவை வரும். அதைவிடப் பெரியது ஒன்று உண்டு. பிள்ளை பெற்ற ஆறு கிழமைக்குள், அதுவும் சத்திரசிகிச்சைக்குப் பிறகு, காலின் இரத்த நாளத்தில் இரத்தம் உறையும் ஆபத்து வழமையைவிடக் கூடுதலாக இருக்கும். தண்ணீரும் குடிக்காமல் அறையை விட்டும் இறங்காமல் கிடப்பது அதற்கு வாசலைத் திறந்து வைப்பதாகும். அதற்காக அண்டா அண்டாவாகக் குடித்தால் பால் பெருகும் என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். தாகம் தீரக் குடியுங்கள், ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் பக்கத்தில் ஒரு தம்ளர் இருக்கட்டும். தையலில் சீழ் வைப்பது கிருமியால், தண்ணீரால் அல்ல. இரும்புச்சத்துக் குளிசையை இன்றே மீண்டும் தொடங்குங்கள், ஆறு மாதம்வரை எடுக்க வேண்டியது அது.

மாமி செய்வதில் எதையும் முழுதாகத் தள்ளிவிட வேண்டாம். மிளகும் உள்ளியும் வேர்க்கொம்பும் போட்ட சரக்குக் கறியோ பால்சுறாவோ முருங்கையிலையோ உங்களைக் கெடுக்கப்போவதில்லை. வேதுத் தண்ணீர் மட்டும் தையலின் மேல் வேகமாக விழாமலும், கை பொறுக்காத சூட்டில் இல்லாமலும் இருக்கட்டும். குளித்த பின் தையல் இடத்தை ஒற்றித் துடைத்து உலர வையுங்கள். பாரம் தூக்காமல் ஒரு மாதம் உட்கார வைத்துப் பார்க்கும் வழக்கம் எங்கள் ஊர்ப் பெண்களுக்குக் கிடைத்த பெரும் பேறு. கொழும்பில் அடுக்குமாடியில் தனியே பிள்ளை வளர்க்கும் பெண்களிடம் கேட்டால் அதன் அருமை தெரியும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: காய்ச்சல், ஒரு மணித்தியாலத்துக்குள் துணி நனையுமளவு இரத்தப்போக்கு, துர்நாற்றம், தாங்க முடியாத தலையிடி, கண் மங்கல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் நோவும், மூச்சுத் திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் 31ஆம் நாளைப் பார்க்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். பிள்ளை குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, உடம்பு சுட்டாலோ, இத்தனை நாளுக்குப் பிறகும் கண் மஞ்சளாக இருந்தாலோ அப்படியே.

பதில் 2: களுதாவளை அம்மம்மா (பேத்தி எழுதுகிறேன், அம்மம்மா பக்கத்தில் இருந்து சொல்கிறார்)

பிள்ளை, உன் மாமியின் வயதுக்கும் மூத்தவள் நான், ஆகவே என் பேச்சை அவருக்கு வாசித்துக் காட்டலாம். எனக்கு மூத்தவன் பிறந்தது 1978ஆம் ஆண்டு கார்த்திகை மாதம், வீட்டிலேயே, மருத்துவிச்சியின் கையில். என் தாயார் மூலை அறையில் பாயைப் போட்டு, வாசலில் வேப்பிலை செருகி, உன் மாமி சொல்வதைப் போலவே எல்லாக் காவலும் வைத்திருந்தார். பதினோராம் நாள், நவம்பர் 23, சூறாவளி வந்தது. இரவு முழுவதும் வீட்டைப் பிய்த்தெடுத்தது. ஓடு பறந்த பிறகு பிள்ளையைச் சேலைக்குள் கட்டிக்கொண்டு அம்மியின் பக்கத்தில் குனிந்திருந்தேன். விடிந்ததும் பார்த்தால் ஊரில் நிமிர்ந்து நின்ற தென்னையை விரல்விட்டு எண்ணலாம்.

பத்தியம் எங்கே, வேது எங்கே? கிணற்றில் ஓலையும் செத்த கோழியும் மிதந்தன. குடிக்க இருந்தது விழுந்து கிடந்த தென்னைகளின் இளநீர் ஒன்றுதான். பிள்ளை பெற்றவளுக்கு இளநீர் ஆகாது என்று என்னை வளர்த்த அதே தாயார், தன் கையால் வெட்டி வெட்டி எனக்குத் தந்தார். நான்கைந்து நாள் இளநீர்தான் எனக்குத் தண்ணீர், பிறகு பள்ளிக்கூடத்தில் கொடுத்த சோறும் பருப்பும். பால் நிற்கவில்லை, பிள்ளைக்குச் சளியும் பிடிக்கவில்லை, என் வயிறும் ஊதவில்லை.

1981இல் மகள் பிறந்தாள். அப்போது வீடு இருந்தது, ஓடு இருந்தது, ஆகவே முழு 31 நாளும் காவல் இருந்தது. தண்ணீர் அரைக் கிண்ணம்தான். அந்த முறை மலம் இறுகி மூலம் தள்ளியது, இன்றுவரை அது என்னை விட்டுப் போகவில்லை. ஒரே உடம்பு, இரண்டு பிரசவம். எது என்னைக் காப்பாற்றியது, எது என்னை வருத்தியது என்று நானே கண்டவள். என் மகளுக்கும் பேத்திகளுக்கும் வேதும் எண்ணெயும் சரக்கும் நான்தான் செய்தேன்; தண்ணீரை மட்டும் அடைக்கவில்லை. பச்சைத் தண்ணீர் கொடுக்க உன் மாமிக்கு மனமில்லை என்றால் சீரகம் போட்டுக் கொதிக்க வைத்து இளஞ்சூட்டில் கொடுக்கட்டும், ஆனால் குடம் நிறையக் கொடுக்கட்டும்.

பிள்ளையின் கொப்பூழில் சாம்பல், மா என்று ஒன்றும் வைக்க வேண்டாம். கண்ணுக்குள் மையும் வேண்டாம். கன்னத்தில் கறுத்தப் பொட்டு வைத்தால் போதும், கண்ணூறு அதோடு போய்விடும்.

பதில் 3: சம்மாந்துறை ஆசிரியை

அஸ்ஸலாமு அலைக்கும், தங்கச்சி. தண்ணீரையும் பாலையும் பற்றிப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். உங்கள் கடிதத்தில் எல்லோரும் தாண்டிப்போன ஒரு வரி இருக்கிறது: "அவள் தூங்கும்போது நான் அழுகிறேன்." அதைப் பற்றி மட்டும் எழுத வந்தேன்.

பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் அளவில் காரணமில்லாமல் அழுகை வருவது மிகப் பெரும்பாலான தாய்மாருக்கு உண்டு. உடலில் சுரப்புகள் திடீரென்று இறங்குவதால் வருவது அது. இரண்டு கிழமைக்குள் தானாகவே போய்விடும். அதற்குப் பின்னும் நீடித்தாலோ, கூடினாலோ அதற்கு வேறு பெயர், வேறு வைத்தியம். உங்களுக்கு இன்று 17 நாள் என்பதால்தான் நான் கொஞ்சம் கவலையோடு எழுதுகிறேன். தண்ணீரும் தூக்கமும் இல்லாமல் இருப்பவள் அழுவதில் வியப்பில்லை. அவை கிடைத்ததும் அது நின்றுவிடவும் கூடும். ஆனால் கிடைத்த பிறகும் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எனக்கு இரண்டாவது மகனின்போது வந்தது. பிறந்ததும் வாப்பா காதில் பாங்கு சொன்னார், ஏழாம் நாள் முடி களைந்து அகீகா (பிள்ளைக்காக ஆடு அறுத்துப் பங்கிடுவது) கொடுத்தோம், வீடு நிறைய ஆட்கள், எல்லோருக்கும் சிரித்த முகம் காட்டினேன். நாற்பது குளிப்பு முடிந்து சனங்கள் கலைந்த பிறகுதான் உடைந்தேன். பிள்ளையைத் தூக்குவேன், கழுவுவேன், பால் கொடுப்பேன்; அயல் வீட்டுப் பிள்ளையைப் பார்ப்பதைப் போலப் பார்ப்பேன். அவன் தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வராது. என்னைவிட வேறு யாரிடம் வளர்ந்தாலும் இவன் நன்றாக இருப்பான் என்று உறுதியாக நம்பினேன். வீட்டில் ஓதிப் பார்த்தார்கள், நூல் கட்டினார்கள். அவர்கள் அன்பால் செய்தார்கள், நான் குறை சொல்லவில்லை. எனக்கு வழி திறந்தது கிளினிக்கில் ஒரு தாளை நீட்டி நிரப்பச் சொன்னபோதுதான். பத்தே பத்துக் கேள்விகள்: கடந்த ஏழு நாட்களில் சிரிக்க முடிந்ததா, காரணமின்றி உங்களையே குற்றம் சொன்னீர்களா, அழுதீர்களா என்பன போன்றவை. எடின்பரோவில் 1987இல் ஆக்கிய வினாக்கொத்து என்று பிறகு அறிந்தேன். பத்தாவது கேள்வி தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அதற்கு "இல்லை" என்று எழுதப் போன பேனா நின்றுவிட்டது.

பிறகு மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்கள். பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. எனக்குத் தந்தார்கள், எடுத்தேன். முழுச் சம்பளத்துடன் கிடைக்கும் 84 வேலை நாட்களுக்குப் பிறகு அரைச் சம்பளத்தில் இன்னும் 84 நாட்கள் எடுத்து வீட்டில் நின்றேன். அரைச் சம்பளத்தில் குடும்பம் நடத்துவது எளிதல்ல. கடைக்காரரின் கொப்பியில் எங்கள் பக்கம் நீண்டுகொண்டே போனது. ஏழாம் மாதம் ஒருநாள் மகன் என் மூக்கைப் பிடித்து இழுத்தான், நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். சமையலறையில் நின்ற உம்மா ஓடிவந்து பார்த்தது இன்னும் நினைவில் இருக்கிறது.

சத்திரசிகிச்சை அறையில் கண்ணீர் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் மூத்தவளுக்கு வரவில்லை, இரண்டாமவனுக்கும் வரவில்லை. பதினாறு மணித்தியாலம் வலியில் கிடந்தவளுக்குத் தூங்கத் தோன்றியது குற்றமல்ல. பிள்ளை மேல் பாசம் சிலருக்கு அந்த நிமிடமே வரும், சிலருக்குத் துணி மாற்றி மாற்றி வரும். உங்கள் உத்தியோகத்தர் வரும்போது அந்தப் பத்துக் கேள்விகளை நீங்களாகவே கேட்டு வாங்கி நிரப்புங்கள். இரவில் எண்ணம் எல்லை மீறினால் 1926க்கு அழையுங்கள். அது தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம்.

பதில் 4: கல்முனையிலிருந்து ஒரு தகப்பன்

தங்கச்சி, இது உங்கள் கணவருக்கு. தம்பி, எங்கள் பகுதியில் வீடு பெண்ணுடையது, நாங்கள்தான் வந்து குடியிருப்பவர்கள். அந்த வீட்டுக்கு உங்கள் தாயார் உதவிக்கு வந்த விருந்தாளி. விருந்தாளியிடம், அதுவும் தனக்கு வேது வைக்கும் மாமியிடம், பத்தியத்தை மாற்றச் சொல்ல உங்கள் மனைவியால் முடியாது. சொன்னால் நன்றி கெட்டவள் ஆகிவிடுவார். உங்கள் தாயாரிடம் நீங்கள்தான் பேச வேண்டும். நான் பேசாமல் இருந்து கண்ட பாடம் இது. எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு வேறு வழியில் வெடித்து, இரண்டு குடும்பமும் ஒரு வருடம் முகம் பார்க்கவில்லை.

மாலை ஆறு மணிக்குச் சேட்டைக் கழற்றிவிட்டுப் பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டு முற்றத்தில் நடவுங்கள். என் மகள் ஒவ்வொரு நாளும் அப்படித்தான் அடங்கினாள். அந்த நேரத்தில் மனைவி படுக்கட்டும்.

மண்டூர்ப் பெண் (நான்கு நாள் கழித்து)

எல்லோருக்கும் மிக்க நன்றி. களுதாவளை அம்மம்மாவின் பதிலைக் கணவர் தன் தாயாருக்கு வாசித்துக் காட்டினார். மாமி ஒரு நாள் முழுவதும் என்னோடு பேசவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால், என் கட்டிலுக்குப் பக்கத்தில் சுடுதண்ணீர்ப் போத்தல் ஒன்றும் ஒரு கிண்ணமும் இருந்தன. உள்ளே சீரகமும் மல்லியும் போட்டு அவித்த தண்ணீர். "பச்சைத் தண்ணீர் மட்டும் கேட்காதே" என்று சொல்லிவிட்டுப் போனார். இப்போது ஒரு நாளைக்கு அந்தப் போத்தல் மூன்று முறை நிறைகிறது. சூறாவளியின்போது தானும் கைக்குழந்தையாக இருந்ததாகவும், தன் தாயும் இளநீர்தான் குடித்திருப்பாளோ என்றும் மாமி நேற்று இரவு தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

20ஆம் நாள் உத்தியோகத்தர் வந்து நிறுத்தார். 3 கிலோ 50 கிராம். இரண்டு கிழமையில் 410 கிராம் ஏறியிருக்கிறது. நாளுக்கு ஒரே ஒரு போத்தல் கொடுத்த சில நாட்களை மட்டும் வைத்து அவ்வளவு ஏற முடியாது, பெரும்பகுதி உம்முடைய பால்தான் என்றார். போத்தலை அன்றே நிறுத்திவிட்டோம். முதல் இரண்டு மாலையும் கொடுமையாக இருந்தன.

இப்போது இடது முலைக்காம்பில் வெடிப்பு வந்து, அவள் வாய் வைத்தவுடன் உயிர் போகிறது. அந்தப் பக்கம் கொடுக்காமல் விடலாமா? தையல் நோவதால் மடியில் கிடத்தவும் சரிவர முடியவில்லை.

ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர், படுவான்கரை

விட வேண்டாம் மகள், பால் கட்டிக்கொண்டு காய்ச்சலாக முடியும். வெடிப்பு வருவது பெரும்பாலும் பிள்ளை காம்பை மட்டும் கவ்வுவதால். வாயை அகலத் திறக்கும்வரை காத்திருந்து, கருவட்டத்தின் கீழ்ப்பகுதி கூடுதலாக வாய்க்குள் போகும்படி பிள்ளையை உங்களிடம் கொண்டு வாருங்கள். நீங்கள் குனிந்து முலையைப் பிள்ளையிடம் கொண்டு போகக் கூடாது. நாடி முலையில் முட்ட வேண்டும், கீழ் உதடு வெளியே மலர்ந்திருக்க வேண்டும். தையலுக்காக, பிள்ளையின் கால் உங்கள் முதுகுப் பக்கம் போகும்படி கக்கத்துக்குள் இடுக்கிப் பிடியுங்கள், தலையணை ஒன்றைக் கையின் கீழ் வைத்து. அப்படிப் பிடித்தால் வயிற்றில் பாரம் விழாது. நோவு குறைந்த பக்கத்தில் முதலில் தொடங்கலாம். கொடுத்து முடிந்ததும் கடைசியாக வரும் பாலில் ஒரு துளியைக் காம்பில் தடவிக் காற்றில் உலர விடுங்கள். முலை ஓரிடத்தில் சிவந்து கல்லாகிக் காய்ச்சலும் வந்தால் உடனே காட்டுங்கள்.

மண்டூர்ப் பெண் (மகளுக்கு 36 நாள்)

கக்கத்தில் பிடிக்கும் முறை கைகொடுத்தது, வெடிப்பு ஆறிவிட்டது. 31ஆம் நாள் துடக்குக் கழித்து, வீடு கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, பிள்ளையை முதல் முறையாக ஏணையில் போட்டோம். அம்மா குவைத்திலிருந்து தொலைபேசியின் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய எஜமானியும் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார்.

இன்று கிளினிக்கில் நிறை 3 கிலோ 480 கிராம். போத்தல் இல்லாமல் ஏறியது இது. இடது தோளில் பீசீஜி (காசநோய்த் தடுப்பு) ஊசி போட்ட இடத்தில் சிறிய கொப்புளம் வந்திருக்கிறது. மஞ்சள் பூசப் போன மாமியை உத்தியோகத்தரே தடுத்து, அது வர வேண்டிய கொப்புளம், ஒன்றும் பூசாமல் விடுங்கள் என்றார். இரண்டு மாதம் முடிய அடுத்த தடுப்பூசிக்குப் போக வேண்டும்.

சம்மாந்துறை ராத்தா, அந்தப் பத்துக் கேள்விகளை நானாகவே கேட்டு வாங்கினேன். பத்தாவதுக்குப் பேனா நிற்கவில்லை. மற்றவற்றில் சிலவற்றுக்கு நின்றது. இரண்டு கிழமையில் மீண்டும் நிரப்பிப் பார்ப்போம், தேவையென்றால் வைத்தியரிடம் அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறார். தூங்கும் நேரம் கூடியிருக்கிறது. பகலில் அழுவது நின்றுவிட்டது, இரவில் சில நாள் வருகிறது.

மாலை அழுகை அப்படியேதான் இருக்கிறது. ஆறு மணிக்குக் கணவர் நெஞ்சில் போட்டு நடக்கிறார், ஏழு மணிக்கு மாமி ஏணையை ஆட்டிப் பாட்டுப் படிக்கிறார், எட்டு மணிக்கு எனக்குத் திரும்பி வருகிறாள். அறுவடைக்கு வயல் பார்க்கப் போக வேண்டும் என்று மாமி நேற்று சொன்னார். இன்னும் ஒரு மாதம் நில்லுங்கள் மாமி என்று கேட்டிருக்கிறேன்.